குழந்தையின் உடல் குழந்தைக்கே!

2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு திருமணப் பதிவு வழக்கில் தீர்ப்பளித்தது. தூத்துக்குடிக் கோயிலில் ஓர் இளைஞரும் திருநங்கை ஒருவரும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்திருந்தார்கள். இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகள் என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று கூறி, பதிவு செய்ய உத்தரவிட்டார் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன். வழக்கு அத்துடன் முடிந்திருக்கலாம். நீதிபதி இன்னொரு படி மேலே போனார். இடைபாலினக் குழந்தைகளை ஆணாகவோ பெண்ணாகவோ மாற்றியமைக்க, விவரம் தெரியாத வயதிலேயே அவர்கள் உடலில் நடத்தப்படும் அறுவை சிகிச்சைகளைத் தமிழக அரசு தடைசெய்ய வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் ஆணையிட்டார். தம் கண்களைத் திறந்தது ஒரு தமிழ்ப் புத்தகம் என்பதையும் மறைக்காமல் பதிவு செய்தார். மதுரை கோபி ஷங்கர் எழுதிய ‘மறைக்கப்பட்ட பக்கங்கள்’ அது.

கோபி இடைபாலினத்தவராகப் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த காலத்தில், 2011-இல், ‘சிருஷ்டி மதுரை’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே மதுரைத் தெருவில் பாலினச் சிறுபான்மையினரின் பெருமித ஊர்வலம் நடந்தது. 2016 சட்டமன்றத் தேர்தலில் தன் அடையாளத்தை வெளிப்படையாகச் சொல்லி மதுரை வடக்கில் வேட்பாளராக நின்றார். 2020-இல் மத்திய அரசு அமைத்த திருநர்களுக்கான தேசிய கவுன்சிலில் தென்மாநிலங்களின் பிரதிநிதியானார். இத்தனையிலும் அந்தப் புத்தகமே அதிகம் சாதித்தது என்று நாம் கருதுகிறோம். பேச முடியாத குழந்தைகளுக்காக, அந்தக் குழந்தைகளில் ஒருவராகப் பிறந்து வளர்ந்த ஒருவர் எழுதினார். அதை ஒரு நீதிபதி படித்தார். ஒரு மாநிலத்தின் மருத்துவ நடைமுறை மாறியது.

மாறியதா? அந்தக் கேள்விதான் இன்று நம் முன் நிற்கிறது.

குரோமோசோம், இனப்பெருக்கச் சுரப்பி, ஹார்மோன், பிறப்புறுப்பு இவற்றில் ஏதோ ஒன்று ஆண், பெண் என்ற வழக்கமான இரு அமைப்புகளுக்குள் அடங்காமல் பிறப்பவர்களை இடைபாலினத்தவர் என்கிறோம். உலக மக்களில் 0.05 முதல் 1.7 சதவீதம் வரை இப்படிப் பிறக்கிறார்கள் என்று ஐ.நா. சொல்கிறது. குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் 2,000 பேரில் ஒருவர். ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்கு இது அபூர்வமான செய்தி அல்ல.

பிரசவ அறை வாசலில் நிற்கும் குடும்பம் முதலில் கேட்பது ‘ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா’ என்பதைத்தான். நர்ஸ் பதில் சொல்லாமல் டாக்டர் முகத்தைப் பார்த்தால், அந்தக் கணமே தாய்க்கு அடிவயிறு கலங்கிவிடும். பிறப்புப் பதிவுப் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பியாக வேண்டும். வெளியே மாமியார், நாத்தனார், ஊரிலிருந்து வந்த உறவுக்கூட்டம். அந்த நேரத்தில், ‘சின்ன ஆபரேஷன்தான், இப்பவே செஞ்சிட்டா பிள்ளைக்கு ஞாபகமே இருக்காது’ என்று ஒரு டாக்டர் சொன்னால், தையல்கூட ஆறாத அந்தப் பெண் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவார். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அந்தக் கையெழுத்தைக் குழந்தையின் சம்மதமாக எடுத்துக்கொள்ள டாக்டருக்கும் உரிமையில்லை. பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்று மதுரைக் கிளை தெளிவாகவே சொல்லிவிட்டது.

இந்தக் குழந்தைகளுக்கு மருத்துவமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அட்ரினல் சுரப்பியில் பிறவிக் கோளாறோடு பிறக்கும் குழந்தைகள் சிலருக்கு உடலில் உப்பு தங்காது. பிறந்த இரண்டு மூன்று வாரத்தில் குழந்தை பாலைக் கக்கும், எடை இறங்கும், துவண்டு போகும். ரத்தத்தில் சோடியம் சரிந்து பொட்டாசியம் ஏறும். உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுக்காவிட்டால் உயிர் போய்விடும். அந்தக் குழந்தைக்கு வேண்டியது மருந்தும் உப்பும், ஆயுள் முழுக்கத் தொடரும் கண்காணிப்பும். பிறப்புறுப்பை வெட்டிச் சிறிதாக்குவதால் சோடியம் ஏறப்போவதில்லை. சிறுநீர் போக வழியில்லாத குழந்தைக்கு அறுவை சிகிச்சை அவசியம். அதையும் யாரும் தடுக்கவில்லை. புற்றுநோய் வரும் என்று அச்சுறுத்தி வயிற்றுக்குள் இருக்கும் இனப்பெருக்கச் சுரப்பிகளை எடுப்பது இன்னொரு வழக்கம். உடல் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனைச் சிறிதும் ஏற்காத நிலையில் பிறந்தவர்களுக்குச் சிறு வயதில் அந்த ஆபத்து மிகக் குறைவு. பருவம் வந்த பிறகு அவர்களே முடிவு செய்யலாம். முன்கூட்டியே எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுதும் ஹார்மோன் மாத்திரைதான், எலும்பும் பலவீனமாகும்.

உயிர் காக்கும் சிகிச்சையையும் தோற்றத்தைத் திருத்தும் சிகிச்சையையும் ஒன்றாகக் குழப்பும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1950-களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜான் மணி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு கொள்கையை வகுத்தார்கள். குழந்தையின் பாலின உணர்வு முதல் சில ஆண்டுகளில் வளைந்துகொடுக்கும். சீக்கிரமே அறுவை சிகிச்சை செய்து, விஷயத்தை மறைத்து வளர்த்தால் குழந்தை தனக்கு ஒதுக்கப்பட்ட பாலினத்திலேயே நிலைத்துவிடும் என்பது அதன் சாரம். வெற்றியை அவர்கள் எப்படி அளந்தார்கள் என்று பார்த்தால் மனம் கொதிக்கிறது. பையன் என்றால் நின்றபடி சிறுநீர் கழிக்க முடிய வேண்டும். பெண் என்றால் பின்னாளில் ஓர் ஆணோடு உடலுறவு கொள்ள ஏற்ற உடல் வேண்டும். அந்தக் குழந்தைக்கு உணர்ச்சி மிஞ்சுமா என்பது அவர்கள் அளவுகோலில் இல்லை.

இங்கேதான் நம் வாதத்தின் மையம் இருக்கிறது. அந்தக் கத்தி ஒரே நேரத்தில் இரண்டு தீர்ப்புகளை எழுதுகிறது. இந்தக் குழந்தை தன்னைப் பெண் என்றே உணரும் என்பது ஒன்று. அவள் ஓர் ஆணையே விரும்புவாள் என்பது மற்றொன்று. தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பற்றி இரண்டில் எதையும் அறிய உலகில் எந்தப் பரிசோதனையும் இல்லை. அது வளர்ந்து ஆணை விரும்பலாம், பெண்ணை விரும்பலாம், இருபாலரையும் விரும்பலாம், யாரையும் விரும்பாமலும் இருக்கலாம். இடைபாலினத்தவராகவும் இருபாலீர்ப்பு கொண்டவராகவும் இருக்கும் ஒருவர் தன் வாழ்க்கையை எழுதினால், மருத்துவம் போட்ட இரண்டு கணக்குகளும் ஒருசேரப் பொய்க்கின்றன. உடல் அமைப்பு வேறு, தன்னை உணர்வது வேறு, யாரை விரும்புகிறோம் என்பது வேறு. இந்த மூன்றையும் ஒரே முடிச்சாகக் கட்டியதால்தான் அறுவை சிகிச்சை நியாயமாகத் தெரிந்தது.

அமெரிக்காவில் இந்த மௌனத்தை உடைத்தவர் செரில் சேஸ். 1956-இல் பிறந்தபோது அவருக்கு ஆண் பெயர் வைத்தார்கள். ஒன்றரை வயதில் மருத்துவர்கள் பெண் என்று முடிவுகட்டி, அவருடைய கிளிட்டோரிஸை வெட்டி எடுத்தார்கள். குடும்பம் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தது. பழைய பெயரும் பழைய படங்களும் வீட்டைவிட்டு மறைந்தன. தனக்கு என்ன நடந்தது என்பது வளர்ந்து பெரியவரான பிறகு மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. 1993-இல் அவர் தொடங்கிய வட அமெரிக்க இடைபாலினச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள், 1996 அக்டோபர் 26 அன்று பாஸ்டனில் குழந்தை மருத்துவர்களின் மாநாட்டு அரங்குக்கு வெளியே நின்று போராடினார்கள். அந்தத் தேதிதான் இன்று இடைபாலின விழிப்புணர்வு நாள். மறைத்து வளர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பப்பட்ட குழந்தைகள், வளர்ந்து வந்து கேள்வி கேட்டார்கள்.

பெற்றோர் தரப்பிலும் ஒரு கேள்வி இருக்கிறது. ஊர் என்ன சொல்லும்? பள்ளியில் எந்தக் கழிப்பறைக்கு அனுப்புவது? நாளைக்குக் கல்யாணம்? இவை வீண் பயங்கள் அல்ல. நம் ஊர் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த சாந்தி சவுந்தரராஜன், 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே வளர்ந்தவரைப் பாலினச் சோதனைக்கு உட்படுத்தி, பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தரங்கமாக இருக்க வேண்டிய சோதனை விவரம் ஊடகங்களில் சந்தி சிரித்தது. அவருக்கு நியாயம் கேட்டுப் போராடியவர்களில் கோபி ஷங்கரும் ஒருவர். ஆனால் அன்று தவறியது சாந்தியின் உடலா? தவறியவர்கள் விளையாட்டு அதிகாரிகளும் அந்தச் செய்தியை விற்றவர்களும். ஊரின் வாய்க்குப் பயந்து பிள்ளையின் உடலை வெட்டுவதில் ஒரு நியாயமும் இல்லை.

அறுவை சிகிச்சை இல்லாமல் குழந்தையை எப்படி வளர்ப்பது என்று தடுமாறவும் வேண்டியதில்லை. பெயர் வைத்து, ஆணாகவோ பெண்ணாகவோ வளர்க்கலாம். பிள்ளை வளர்ந்து வேறு மாதிரிச் சொன்னால் சான்றிதழைத் திருத்திக்கொள்ளலாம். வெட்டிய நரம்பைத் திருத்த முடியாது.

தீர்ப்பை ஏற்றுத் தமிழக அரசு 2019 ஆகஸ்டில் அரசாணை வெளியிட்டது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, இடைபாலினக் குழந்தைகளுக்குப் பாலின அறுவை சிகிச்சை கூடாது என்றது. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் அதுவரை செய்யாத காரியம். மனமாரப் பாராட்டுகிறோம். பாராட்டோடு நின்றுவிட முடியாது. அரசாணையை மீறுகிறவருக்கு அதுவாகவே சிறைத்தண்டனையோ அபராதமோ விதிக்க முடியாது. இன்னொரு அரசு ஒரே கையெழுத்தில் அதைத் திரும்பப் பெறலாம். ஒரு தனியார் மருத்துவமனை வேறு ஏதோ சிகிச்சை என்று எழுதிவிட்டு இதைச் செய்தால் யார் கண்டுபிடிப்பது? ஆபத்தான நிலையா இல்லையா என்பதை அறுவை செய்யப்போகிறவரின் வார்த்தையை மட்டும் வைத்து முடிவு செய்துவிட்டால், தடை காகிதத்தோடு நின்றுவிடும்.

மால்டா 2015-இல் இந்தத் தடையைச் சட்டமாக்கியது. ஜெர்மனி 2021-இல் இயற்றிய சட்டம், குடும்ப நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்பதோடு, அறுவை செய்யப்பட்டவருக்கு 48 வயது ஆகும்வரை மருத்துவப் பதிவுகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. செரில் சேஸுக்கு நேர்ந்ததை நினைத்தால் அந்த 48-இன் அருமை புரியும். அண்டை மாநிலமான கேரளத்தில், ஏழு வயதுக் குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்ய அனுமதி கேட்டுப் பெற்றோரே 2023-இல் உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் அனுமதி தரவில்லை. நிபுணர் குழு பரிசீலிக்கட்டும் என்றது, மாநில அரசு விதிமுறை வகுக்கவும் உத்தரவிட்டது. ஒவ்வொரு குடும்பமும் இப்படி நீதிமன்றப் படியேற முடியுமா? நாடாளுமன்றம் 2019-இல் இயற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டம் இடைபாலினத்தவரையும் திருநர் என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்துவிட்டதே தவிர, குழந்தைகள் மீதான அறுவை சிகிச்சையைத் தடுக்கவில்லை. கோபி ஷங்கர் தொடுத்த பொதுநல வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே மாதம் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில், இடைபாலினத்தவர் உரிமைக்கான தன் முதல் தீர்மானத்தை 24 நாடுகளின் ஆதரவோடு, ஒரு எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் நிறைவேற்றியது. 23 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன.

தமிழகம் காத்திருக்க வேண்டியதில்லை. அரசாணையைச் சட்டமன்றத்தில் சட்டமாக்க வேண்டும். மீறும் மருத்துவமனையின் பதிவை மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் ரத்து செய்ய வழி வேண்டும். விதிவிலக்கு கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பரிசீலிக்கும் குழுவில், வளர்ந்த இடைபாலினத்தவர் ஒருவர் வாக்குரிமையுள்ள உறுப்பினராக உட்கார வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில், குழந்தை பிறந்த அன்றே பெற்றோரோடு பேசப் பயிற்சி பெற்ற ஆலோசகர் இருக்க வேண்டும். அந்தத் தாய்க்கு முதல் மணி நேரத்தில் கத்தியைவிட அவசியமானது அந்தப் பேச்சுதான். 2019-க்குப் பிறகு எத்தனை அனுமதிகள் கேட்கப்பட்டன, எத்தனை தரப்பட்டன, எந்தக் காரணத்துக்காக என்பதைக் குழந்தைகளின் அடையாளம் வெளிப்படாமல் சுகாதாரத் துறை அமைச்சர் அடுத்த கூட்டத்தொடரிலேயே அவையில் வைக்க வேண்டும்.