பேரேட்டில் ஏறாத தீர்மானம்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் நடந்த ஒரு விவகாரத்தை நம் வணிகப் பெருமக்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கு எழுதத் தெரிந்த எவருக்கும் இது புரியும்.

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது. ஆனால் கலெக்டர் கிடையாது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஐந்து சூப்பர்வைசர்கள் கூடி நிர்வாகம் செய்கிறார்கள். 88 நகரங்கள், ஏறத்தாழ ஒரு கோடி ஜனங்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் என்று பெரிய சம்சாரம். 2024-25ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் மட்டும் சுமார் 4,900 கோடி டாலர். அங்கே ஆர்ட்டீசியா என்ற சிறு நகரில் பயனியர் சாலை நெடுக இந்தியக் கடைகள் உண்டு. அந்த மளிகைக் கடையின் தராசு சரியா என்று பார்க்க வருகிறவரும், ஓட்டலின் சமையற்கட்டைச் சோதித்து 1998 முதல் வாசலில் ஏ, பி, சி என்று அட்டை மாட்டிவிட்டுப் போகிறவரும் கவுண்டியின் ஆட்கள்தான். ஆகவே கவுண்டியை ஆள்வது யார் என்பது அங்குள்ள சிறு வியாபாரிக்குத் தூரத்து அரசியல் அல்ல.

இந்தக் கவுண்டிக்கு ஒரு சாசனம் இருக்கிறது. நம் சங்கத்துக்குத் துணை விதிகள் இருப்பது மாதிரி. 1912ஆம் ஆண்டு மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்ட சாசனம் அது. அதில் ஒரு வரியைத் திருத்த வேண்டுமானாலும் மறுபடி மக்களிடம்தான் போக வேண்டும். சூப்பர்வைசர்கள் தாமாகவே மாற்றிவிட முடியாது. நல்ல ஏற்பாடு.

சாசனம் வந்தபோது ஜனத்தொகை ஐந்து லட்சம். ஐந்து சூப்பர்வைசர்கள், ஆளுக்கு ஒரு லட்சம் பேர். இன்று ஆளுக்கு இருபது லட்சம் பேர். அதாவது நம் நாடாளுமன்றத் தொகுதி ஒன்றின் அளவு. ஒரு கடைக்காரர் தம் தெருவில் விளக்கு எரியவில்லை என்று சொல்ல இவ்வளவு பெரிய தொகுதியின் பிரதிநிதியை எங்கே போய்ப் பிடிப்பார்? எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று பலமுறை முயன்று பார்த்தார்கள். 1992லும் 2000லும் மக்கள் மறுத்துவிட்டார்கள். அரசியல்வாதிகள் கூடினால் செலவு கூடும் என்ற பயம்தான் முக்கியக் காரணம்.

2024 நவம்பரில் மீண்டும் கேட்டார்கள். திருத்தத்துக்கு 'ஜி' என்று எழுத்து. ஐந்து பேரை ஒன்பது பேராக்குவது, இதுவரை நியமனத்தில் வந்த தலைமை நிர்வாகியை 2028 முதல் மக்களே தேர்ந்தெடுப்பது, ஒழுங்குமுறைக்கு ஒரு ஆணையம் அமைப்பது, பத்தாண்டுக்கு ஒருமுறை சாசனத்தை மறுபரிசீலனை செய்வது எல்லாம் அதில் அடக்கம். புதிய வரி கிடையாது, இருக்கிற பணத்துக்குள்ளேயே முடித்துக்கொள்வோம் என்றும் எழுதியிருந்தார்கள். கடைக்கு நான்கு ஆள் கூட்டிவிட்டுச் சம்பளச் செலவு கூடாது என்று சொல்லும் முதலாளியை நாம் இதுவரை பார்த்ததில்லை, போகட்டும்.

நமக்கு உறுத்துவது வேறு. இத்தனை விஷயத்தையும் ஒரே கேள்வியாகக் கட்டி, 'ஆம்' அல்லது 'இல்லை' சொல் என்றார்கள். ஓடுகிற சரக்கு வேண்டுமானால் ஓடாத சரக்கு இரண்டு பெட்டியும் எடுத்துக்கொள் என்று சில ஏஜென்சிக்காரர்கள் நம் தலையில் கட்டுவது போல. ஒன்பது பேர் வேண்டும், ஆனால் எல்லா அதிகாரமும் ஒரே நிர்வாகியிடம் குவிவது வேண்டாம் என்று நினைத்தவர் எந்தக் கட்டத்தில் குறியிடுவார்? ஐந்து சூப்பர்வைசர்களில் மூவர்தான் இதை மக்கள் முன் வைக்க ஆதரவு தந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அது ஜனாதிபதித் தேர்தல் நேரம். அதே ஓட்டுச் சீட்டில் மாநில அளவில் மட்டும் பத்துக் கேள்விகள். அவற்றோடு இதுவும் ஒன்று. 51 சதவீதத்தைச் சற்றே தாண்டிய ஓட்டில் நிறைவேறிவிட்டது.

இதுவரை சரி. ஜனநாயகத்தில் ஒரு ஓட்டு கூடினாலும் வெற்றிதான். எண்ணிக்கையைக் கூட்டியது நியாயமே என்றுதான் நாமும் கருதுகிறோம். கோளாறு வேறு இடத்தில் இருந்தது.

2020 நவம்பரில் இதே மக்கள் 'ஜே' என்ற இன்னொரு திருத்தத்தை 57 சதவீத ஓட்டில் நிறைவேற்றியிருந்தார்கள். கவுண்டி தன் எல்லைக்குள் திரட்டும், வேறு காரியத்துக்கு ஒதுக்கப்படாத வருமானத்தில் குறைந்தது பத்துச் சதவீதத்தை வீட்டு வசதி, வேலைப் பயிற்சி, மனநல சிகிச்சை போன்றவற்றுக்கே செலவிட வேண்டும். சிறைக்கும் போலீசுக்கும் அதைத் தொடக்கூடாது என்பது அதன் சாரம். ஆண்டுக்குச் சுமார் 30 கோடி டாலர் சம்பந்தப்பட்ட விஷயம். இதை எதிர்த்து வழக்கும் நடந்தது. 2021இல் கீழ்க்கோர்ட் செல்லாது என்றது. 2023இல் மேல்கோர்ட் செல்லும் என்றது. அவ்வளவு சண்டை போட்டு நிலைநிறுத்திய திருத்தம்.

ஆனால் சாசனப் புத்தகத்தில் அதை ஏற்றவில்லை.

நாள்வழியில் எழுதிவிட்டுப் பேரேட்டில் ஏற்ற மறந்த பற்று எப்படியோ அப்படி. 2024இல் புதிய திருத்தத்தை எழுத உட்கார்ந்தவர்கள் கையில் எடுத்தது அந்தப் பழைய புத்தகத்தை. சூப்பர்வைசர் அவையின் கடமைகளைச் சொல்லும் பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதிய வாசகத்தை வைத்தார்கள். 'ஜே' அந்தப் பகுதிக்குள் இருக்க வேண்டிய சரத்து. புத்தகத்தில் இல்லாததால் புதிய வாசகத்திலும் இடம் பெறவில்லை. விளைவு, 'ஜி'க்கு 'ஆம்' போட்டவர்கள் தங்களுக்கே தெரியாமல் 'ஜே'யை ரத்து செய்துவிட்டார்கள். ரத்து 2028இல் நடைமுறைக்கு வரும் என்று சொல்லப்பட்டது.

இது வெளியே தெரிந்தது 2025ஆம் ஆண்டின் நடுவில். தேர்தல் முடிந்து எட்டு மாதம் போல ஆகிவிட்டது. கண்டுபிடித்தவர், திருத்தத்தை அமல்படுத்த அமைத்த குழுவில் இருந்த ஒரு முன்னாள் நகரமன்ற உறுப்பினர். அதுவரை ஓட்டுக் கேட்டவர்கள், எதிர்த்தவர்கள், வக்கீல்கள், பத்திரிகைகள் என்று யார் கண்ணிலும் படவில்லை. முழு வாசகத்தையும் அச்சிட்டு வீடு வீடாக அனுப்பும் பழக்கம் உள்ள ஊரில்தான் இது நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. வாக்காளர் கையில் இருந்த காகிதத்திலும் அந்தச் சரத்து இல்லையே! இல்லாததை அடித்துக் காட்டுவது எப்படி? எவ்வளவு கவனமாகப் படித்திருந்தாலும் பிடிபட்டிருக்காது.

தவறு வெளிப்பட்டதும் சூப்பர்வைசர்கள் வழி தேடும்படி கவுண்டியின் வக்கீல்களிடம் சொன்னார்கள். மறுபடி மக்களிடமே போவது அதில் ஒரு வழி. அதுவே நேர்மையான வழி என்பது நம் கருத்து. ஓட்டால் வந்தது ஓட்டால்தான் போக வேண்டும். குமாஸ்தாவின் விடுபடலால் போகக் கூடாது. இந்தச் சாக்கில் 'ஜி' முழுவதையும் குப்பையில் போடு என்று கிளம்பியவர்களோடும் நமக்கு உடன்பாடு இல்லை. ஒரு கொள்முதல் பில் விடுபட்டதற்காகக் கடையையே மூடுவாரில்லை.

இதில் நம் சங்கங்களுக்கு வேலை இருக்கிறது. நம்மில் எத்தனை ஊர்ச் சங்கங்களில், பதிவு செய்த காலத்தில் அச்சிட்ட விதிப்புத்தகம் அப்படியே இருக்கிறது! சந்தாத் தொகை மாறியது, செயற்குழுவின் பதவிக்காலம் மாறியது, குடும்ப நல நிதிக்கு இவ்வளவு என்று பொதுக்குழு தீர்மானித்தது எல்லாம் தீர்மானப் புத்தகத்தில் செயலாளரின் கையெழுத்தோடு தூங்குகின்றன. விதிப்புத்தகத்தில் ஏறவில்லை. பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் ஆனதா என்று கேட்டால் பழைய செயலாளரைக் கைகாட்டுகிறார்கள். நாளை ஒரு புதிய நிர்வாகம் வந்து, 'விதி எட்டு நீக்கப்பட்டு கீழ்க்கண்டவாறு மாற்றப்படுகிறது' என்று ஒரு தீர்மானம் படித்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கை தூக்கிவிடுவோம். அந்த எட்டோடு எந்த நிதி போனது என்பது, அந்த நிதியை நம்பி ஒரு வணிகரின் குடும்பம் மனு கொடுக்கும் அன்றுதான் தெரியும்.

ஆகவே திருத்தம் எதையும் பொதுக்குழுவில் வைப்பதற்கு முன், இதுவரை நிறைவேறிய தீர்மானங்கள் அத்தனையும் சேர்த்த விதிப்புத்தகத்தை அச்சிட வேண்டும். நீக்கப் போகும் வரியைக் கோடிட்டும், சேர்க்கப் போகும் வரியைத் தடித்த எழுத்திலும் காட்ட வேண்டும். சந்தா உயர்வு ஒரு ஓட்டு, பதவிக்காலம் ஒரு ஓட்டு என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். அழைப்பிதழோடு பதினைந்து நாள் முன்னதாக இது ஒவ்வொரு கடைக்கும் போய்ச் சேர வேண்டும். அச்சுச் செலவு அதிகம் என்று பொருளாளர்கள் சொல்வார்கள். பொதுக்குழு விருந்தில் ஒரு இனிப்பைக் குறைத்தால் சரியாகிவிடும்.