பாடசாலை ஊருக்கா, கம்பனிக்கா?



அன்பான ஊர் உறவுகளே,

கொஞ்ச நாளாக நமது ஊரில் ஒரே பேச்சு, "நமக்கென்று ஒரு பாடசாலை" என்பதுதான். தரம் 6 முதல் 9 வரை. ஆங்கில மொழிமூலம். மார்க்கச் சூழல். வகுப்புக்கு 20 பிள்ளைகள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் சிலர் ஆரம்பச் செலவை ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் இப்படிப் பாடசாலைகளுக்கு "சார்ட்டர் ஸ்கூல்" என்று பெயராம். வட்ஸ்அப் குழுமங்களில் எல்லோரும் மாஷா அல்லாஹ் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஊரில் பிறந்து, கல்வியியற் கல்லூரிகளில் பயிற்சி பெற்று, இன்று சுற்றுவட்டாரத்தில் படிப்பிக்கும் நாங்கள் சிலர் பேசி முடிவெடுத்து எழுதும் பதிவு இது. யாருடைய நிய்யத்தையும் நாங்கள் சந்தேகிக்கவில்லை. ஊருக்கு இடைநிலை வகுப்புகள் வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தும் இல்லை. ஆனால் இப்போது மேசையில் இருக்கும் திட்டத்தை நாங்கள் எதிர்க்கிறோம். காரணத்தைச் சொல்கிறோம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், பிரச்சினை யாருடையது?

குருநாகல் மாவட்டத்தில் நமது ஊரைப் போலச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் நிறைய. நமது பாடசாலை தரம் 5 உடன் முடிகிறது. புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளி எடுத்த பிள்ளைக்கு நகரத்துப் பாடசாலை இருக்கிறது. வாப்பாவுக்கு வசதி இருந்தால் வேன் இருக்கிறது. மிச்சப் பிள்ளைகள் தமிழ் மொழிமூலப் பாடசாலை தேடி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். தரம் 7, 8 வரும்போது "வயசுக்கு வந்த பிள்ளையை எப்படித் தனியே அனுப்புவது" என்று பெண் பிள்ளை வீட்டோடு நிற்கிறாள். ஆண் பிள்ளை புறக்கோட்டையில் யாராவது தெரிந்தவரின் கடைக்குப் போய்விடுகிறான். 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று 2016இல் விதி வந்துவிட்டது. நமது ஊரில் அந்த விதி பஸ் தரிப்பிடத்தோடு நின்றுவிடுகிறது.

ஆகவே இடைநிலை வகுப்பு இல்லாததால் அடிபடுகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். எந்தத் திட்டம் வந்தாலும் இவர்களுக்கு அதில் இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கவேண்டும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம்.

தரம் 6 முதல் 9 வரை நான்கு வகுப்புகள். ஒரு நாளைக்கு 8 பாடவேளை, கிழமைக்கு 40. நான்கு வகுப்புக்கும் 160 பாடவேளை. ஒரு ஆசிரியர் கிழமைக்கு 30 பாடவேளை எடுத்தாலும் ஆறு பேர் வேண்டும். இஸ்லாம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு, புவியியல், குடியியல், சுகாதாரம், சிங்களம், தகவல் தொழில்நுட்பம், அழகியல், செயன்முறைத் தொழினுட்பம் என்று இத்தனையையும் ஆறு பேர் பங்குபோடுவதே கஷ்டம். ஒருவருக்கு மாதம் 50,000 ரூபா கொடுப்பதாக வையுங்கள். மாதம் 3 இலட்சம், வருடம் 36 இலட்சம். 80 பிள்ளைகளால் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு மாதம் 3,750 ரூபா. இது சம்பளம் மட்டும். அதிபர், மின்சாரம், கட்டடம், பரீட்சைச் செலவு எல்லாம் தனி.

கூலி வேலைக்குப் போகும் ஒரு வாப்பாவுக்கு இந்த வயதில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் அவர் என்ன செய்வார்? அரச பாடசாலையில் பாடநூல் 1980இலிருந்தும் சீருடைத் துணி 1993இலிருந்தும் இலவசமாகக் கிடைக்கிறது. இங்கே அதையும் அவர்தான் வாங்கவேண்டும்.

"ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச இடம் ஒதுக்குவோம்" என்கிறார்கள். எத்தனை பேருக்கு? யார் தெரிவு செய்வது? ஒரே வகுப்பில் காசு கட்டிய பிள்ளையும் ஸக்காத்தில் படிக்கும் பிள்ளையும் இருந்தால், எது எந்தப் பிள்ளை என்று முதல் கிழமையிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். வகுப்பறையில் நிற்கும் எங்களுக்குத் தெரியும், அந்தப் பிள்ளை அதை வீட்டில் சொல்லாது. பேசாமல் நின்றுவிடும்.

அடுத்தது சட்டம். 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதைத் தடுக்கிறது. தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகள் அந்த வயதுக்குள்தான் வருகிறார்கள். நாட்டிலுள்ள சர்வதேசப் பாடசாலைகள் அதனால்தான் கம்பனிகளாகப் பதிவாகின்றன. நமது ஊரில் வரப்போவதும் ஒரு கம்பனிதான். கம்பனிக்குப் பணிப்பாளர்கள் இருப்பார்கள். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். நாளைக்கு அவர்களுக்குள் மனஸ்தாபம் வந்தால்? வெளிநாட்டுச் சகோதரரின் தொழில் முடங்கினால்? தரம் 8இல் நடுவழியில் நிற்கும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? வலயக் கல்விப் பணிமனைக்குப் போய்க் கேட்க முடியாது.

"சார்ட்டர்" என்ற சொல்லையும் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம்தான் 1991இல் முதன்முதலில் அதற்குச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே பாடசாலையை நடத்துவது ஒரு குழு. செலவு பொதுப் பணம். பிள்ளையிடம் கட்டணம் வாங்க முடியாது. இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். சொன்னதைச் செய்யாவிட்டால் கொடுத்த அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அதிலும் குறைகள் இருக்கின்றன, அங்கேயே அது பற்றிப் பெரிய சண்டை நடக்கிறது. ஆனால் அதன் அடிப்படை இரண்டு: கட்டணம் இல்லை, பதில் சொல்லும் பொறுப்பு உண்டு. நமது ஊர்த் திட்டத்தில் இந்த இரண்டும் இல்லை. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சமூகம் நடத்த, அரசு செலவு கொடுக்கும் பாடசாலை நமக்குப் புதிதும் அல்ல. 1960, 61 சட்டங்களுக்கு முன் இந்த நாட்டில் உதவி பெறும் பாடசாலைகள் அப்படித்தான் நடந்தன. சித்திலெப்பை 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கினார். கொழும்பு ஸாஹிரா உருவானது 1892இல். இடையில் பத்து வருடம். கட்டடத்துக்கு முன் சமூகத்தின் மனதைத் தயார்செய்ய அவ்வளவு காலம் பிடித்தது. நாம் மூன்று கிழமையில் பெயர்ப்பலகைக்கு டிசைன் போட்டுவிட்டோம்.

சரி, அப்படியென்றால் என்ன செய்வது?

நமது பாடசாலையை மேலே கொண்டுபோக வேண்டும். தரம் 5 உடன் நிற்கும் பாடசாலைக்கு முதல் வருடம் தரம் 6, அடுத்த வருடம் தரம் 7 என்று வகுப்பு ஏற்றக் கேட்கலாம். நமது பாடசாலை மாகாணப் பாடசாலை. அதிபர் ஊடாகக் கோட்டம், வலயம், மாகாணக் கல்வித் திணைக்களம் என்று கோரிக்கை போகவேண்டும். அவர்கள் கேட்கப்போவது மூன்று விடயங்கள்: பிள்ளைகள் எத்தனை பேர், வகுப்பறை இருக்கிறதா, ஆசிரியர் எங்கே. முதல் இரண்டுக்கும் பதில் நமது கையில். சகோதரர்கள் தரும் காசில் பாடசாலைக் காணியிலேயே வகுப்பறையும் மலசலகூடமும் கட்டலாம். ஆசிரியர் நியமனம் கிடைக்கும்வரை கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தொண்டர் ஆசிரியர் இருவருக்குக் கொடுப்பனவு கொடுக்கலாம். அந்தக் காசு கட்டணப் பாடசாலையில் சில மாதச் சம்பளத்தோடு கரைந்துபோகும். இங்கே அரசாங்கம் சம்பளம் கொடுக்கும் ஆசிரியர்கள் தலைமுறைக்கு நிற்பார்கள்.

"அரசாங்கத்தை நம்பினால் பத்து வருடம் இழுக்கும்" என்பீர்கள். இழுக்கலாம். ஆனால் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் பத்துப் பெற்றோர் வராத ஊர், வலயத்தில் குரல் கொடுத்தால் யார் கேட்பார்கள்? பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவுக்கு வரும் கூட்டத்தில் பாதி பாடசாலைக்கு வந்தால் கதை வேறு.

"ஆங்கிலம்?" என்பீர்கள். தரம் 6 இலிருந்து இருமொழிக் கல்வி பல அரச பாடசாலைகளில் நடக்கிறது. அதையும் கேட்டு வாங்கலாம். "மார்க்கச் சூழல்?" என்பீர்கள். நமது பாடசாலை முஸ்லிம் பாடசாலைதான். அதன் சூழலைத் தீர்மானிப்பது நாம் அனுப்பும் பிள்ளைகளும் நாம் காட்டும் அக்கறையும்.

இன்னொரு ஆபத்தை யாரும் பேசவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கட்டணப் பாடசாலைக்குப் போனால், நாளைக்கு "தரம் 1 இலிருந்தே தொடங்குவோம்" என்பார்கள். அப்போது நமது ஆரம்பப் பாடசாலையும் சுருங்கும். மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளை மூடுவதா, இணைப்பதா என்ற பேச்சு இந்த நாட்டில் அடிக்கடி எழுகிறது. நமது மூத்தவர்கள் ஓலைக் கொட்டிலில் தொடங்கிக் காப்பாற்றித் தந்த பாடசாலை அந்தப் பட்டியலில் வர நாமே வழி செய்யலாமா?

வரும் ஞாயிறு அஸருக்குப் பின் கூட்டம். அதில் நாங்கள் முன்வைக்கப்போவது இவைதான்:

1. காசு சேர்க்கும் முன் வீடு வீடாகப் போய் இரண்டு பட்டியல் எடுக்கவேண்டும். இப்போது தரம் 4, 5இல் இருக்கும் பிள்ளைகள். தரம் 6க்கும் 9க்கும் இடையில் படிப்பை விட்ட பிள்ளைகள். இரண்டாவது பட்டியல் கூட்டத்தில் வாசிக்கப்படவேண்டும், பெயர் இல்லாமல், எண்ணிக்கை மட்டும்.

2. கட்டும் எதுவும் பாடசாலைக் காணியில், பாடசாலைச் சொத்தாக இருக்கவேண்டும். கணக்கு மாதாமாதம் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் வரவேண்டும்.

3. குழுவில் இருப்பவர்கள் தங்கள் பிள்ளையை, அல்லது பேரப்பிள்ளையை, முதல் தரம் 6 வகுப்பில் சேர்ப்பதாகக் கையெழுத்திட வேண்டும். இந்த ஊர் ஆசிரியர்களுக்கும் இதே நிபந்தனை. எங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம்.

பட்டியல் எடுக்கும் வேலையை நாங்கள் ஏற்கிறோம். சனிக்கிழமை காலையில் தொடங்குகிறோம். கூட வர விரும்பும் தாத்தாமார், நானாமார் கொமண்ட்டில் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் போக உம்மாமார் சிலர் கட்டாயம் வேண்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் இங்கேயே எழுதுங்கள், பதில் சொல்கிறோம். தனிப்பட்ட ஆட்களைத் தாக்கி யாரும் எழுதவேண்டாம், நீக்கிவிடுவோம்.

வஸ்ஸலாம்.