சோற்றை மட்டும் குறை சொல்லலாமா?

சகோதரிகளே, வீட்டில் ஆம்பளைக்குச் சர்க்கரை வந்துவிட்டால் முதல் விசாரணை அடுப்படியில்தான் நடக்கிறது. "நீ வடிச்சுக் கொட்டுற சோறுதான் காரணம்" என்று மாமியார் முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை சொல்லிவிடுகிறார்கள். நாமும் கேழ்வரகு, கோதுமை என்று மாற்றி, ஒரே வீட்டில் இரண்டு சமையல் செய்கிறோம். செய்ய வேண்டியதுதான். ஆனால், சாப்பிட்டு எழுந்ததும் திண்ணையில் உட்கார்ந்து பற்ற வைக்கிற பீடியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லையே, ஏன்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. நாடு முழுவதும் பெரியவர்களில் 100-க்கு 11 பேருக்குச் சர்க்கரை. நம் புதுச்சேரியிலோ 26 பேருக்கு! கோவாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். இத்தனைக்கும் பீடிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சாப்பாடு, பரம்பரை, உழைப்புக் குறைவு எல்லாம் உண்டு. அந்த வரிசையில் புகையையும் சேருங்கள் என்கிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குகிறது இல்லையா? அதைத்தான் டாக்டர்கள் அழற்சி என்கிறார்கள். முள்ளை எடுத்தால் ஆறிவிடும். புகை பிடிப்பவருக்கோ தினமும் பத்து இருபது தடவை உள்ளுக்குள் முள் குத்துகிற மாதிரி. வெளியே தெரியாத அழற்சி ரத்தத்தில் அடங்காமலே இருக்கிறது. இதனால் இன்சுலின் சரியாக வேலை செய்ய முடியாமல் சர்க்கரை ரத்தத்தில் தேங்குகிறது. நல்ல கொழுப்பு குறைகிறது. "ஒல்லியாத்தானே இருக்கார், அவருக்கென்ன" என்பார்கள். கை கால் ஒல்லியாக இருந்தாலும், புகை பிடிப்பவர்களுக்கு வயிற்றைச் சுற்றித்தான் கொழுப்பு சேருகிறது.

ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர் புகைத்தால் இன்னும் மோசம். காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து, சின்னப் புண்ணும் ஆறாமல், விரலை எடுக்கிற நிலை வரலாம். அப்போது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையப் போவது நாம்தானே?

"பீடியை விட்டா உடம்பு போடும்" என்று சாக்கு சொல்வார்கள். கொஞ்சம் எடை கூடலாம், உண்மைதான். அதற்கு நடந்தால் போச்சு. புகையை விட்டால் சர்க்கரை வரும் ஆபத்து 30 முதல் 40 சதவீதம் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது.

சண்டை போட்டு யாரும் விட்டதாக நான் பார்த்ததில்லை. சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும்போது நாமும் கூடப் போய், "டாக்டர், இவர் ஒரு நாளைக்கு இத்தனை பீடி பிடிக்கிறார்" என்று எண்ணிக்கையோடு சொல்லுவோம். 1800-11-2356 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்தாலும் புகையை விட வழி சொல்கிறார்கள்.

பொது இடத்தில் புகைக்க 2008-லிருந்து தடை இருக்கிறது. வீட்டுக்குள் சட்டம் போட யார் வருவார்கள்? பிள்ளைகள் படுக்கிற இடத்தில் புகை கூடாது என்று நாம்தான் சொல்ல வேண்டும். சோற்றை அளந்து போடச் சொல்கிற வீட்டில், பீடியையும் எண்ணச் சொல்வதில் தப்பே இல்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள், தோழிகளே?

— ஒரு வாசகி, கரிக்கலாம்பாக்கம்.