வராத விளையாட்டைப் பற்றிப் பேசினால் என்ன தப்பு?

"வந்ததை விளையாடவே நேரமில்லை, வராததுக்கு எதுக்குலே இவ்வளவு பேச்சு?"

பனவடலிசத்திரம் பஸ் ஸ்டாப்பில் ஒரே போனைச் சுற்றி நாலைந்து பையன்கள் நின்றால், டீக்கடை பெஞ்சிலிருந்து இப்படி ஒரு குரல் கட்டாயம் வரும். பையன்கள் பேசுவது பேய் கேமின் அடுத்த பாகத்தைப் பற்றி. வருமா, எப்போது வரும், அந்தக் கிழவி திரும்ப வருவாளா என்று வாதம் நடக்கும். பெரியவர்கள் தரப்பு இதுதான்: இது வெட்டிப்பேச்சு, ஊகம் எல்லாம் பொய்த்துப் போகும், நம் மண்ணுக்கு ஒட்டாத பழக்கம், கம்பெனிக்காரனுக்கு ஓசி விளம்பரம், போதாததற்குப் பயம் வேறு பிள்ளைகளைக் கெடுக்கும். இந்தக் குற்றச்சாட்டுகளில் கொஞ்சம் நியாயம் உண்டு. பெரும்பகுதி தப்பு.

வெட்டிப்பேச்சு என்பவர்கள் ஒரு நாள் அருகில் நின்று கேட்க வேண்டும். 'கிரானி' என்ற கேம் 2017இல் செல்போனுக்கு வந்தது. பூட்டிய வீட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டவன் ஐந்து நாளுக்குள் தப்பிக்க வேண்டும். கிழவிக்குக் காது கூர்மை. கையிலிருந்த சாவி தரையில் விழுந்தாலும், மரப்பலகை கிரீச்சிட்டாலும் கட்டையோடு வந்துவிடுவாள். கட்டிலுக்கடியில் மூச்சைப் பிடித்துக் கிடக்க வேண்டியதுதான். 2019இல் வந்த இரண்டாம் பாகத்தில் தாத்தாவும் சேர்ந்தார். அவருக்குக் காது மந்தம், ஆனால் அடி பலம். 2021இல் மூன்றாம் பாகம். பையன்கள் இதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். முதல் பாகத்தில் தப்பியது வாசல் வழியாக, அடுத்ததில் படகும் ஹெலிகாப்டரும், அதற்கடுத்ததில் ரயில், அப்படியானால் நாலாவதில் என்ன? ஒருவன் ஒன்று சொல்வான், இன்னொருவன் "அது எப்படிடா, கிழவிக்குத்தான் சத்தம் கேட்குமே" என்று வெட்டுவான். முந்தைய பாகத்தில் இருப்பதைச் சான்றாகக் காட்டாமல் எவனும் அங்கே ஜெயிக்க முடியாது. சான்று கேட்டுப் பேசும் பழக்கத்தை வெட்டி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

'லிட்டில் நைட்மேர்ஸ்' விஷயத்தில் இது இன்னும் ஆழமாக நடந்தது. ஸ்வீடன் நாட்டு மால்மோ நகரத்தின் டார்சியர் ஸ்டுடியோஸ் செய்த கேம். முதல் பாகம் 2017இல், இரண்டாவது 2021இல். வசனம் என்று சொல்லத்தக்கது கிடையாது. கதை முழுவதையும் படத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். முதல் பாகத்தின் சிறுமி சிக்ஸ், மஞ்சள் மழைக்கோட்டும் தீராப் பசியுமாக அலைகிறவள். இரண்டாம் பாகத்தில் அவளை முதலில் பார்க்கும்போது அந்தக் கோட்டு இல்லை, இடையில்தான் கிடைக்கிறது. சிதறிக் கிடக்கும் நிழலுருவங்களை எல்லாம் தேடிச் சேர்த்தால் மட்டுமே தெரியும் ரகசிய முடிவில், முதல் பாகம் நடந்த இடத்தைக் காட்டும் தாள் ஒன்று தரையில் கிடக்கும். அதைப் பார்க்கும் சிக்ஸின் வயிறு இரையும். ஆக, இரண்டாவதாக வந்தது முதல் கதைக்கு முந்தைய கதை. ஒரு கோட்டையும் ஒரு காகிதத்தையும் கவனித்தவர்களுக்கே அது பிடிபட்டது. இதே கவனத்தைப் பாடப்புத்தகத்தில் காட்டினால் மெடல் குத்துவோம்.

ஊகம் பொய்த்துப் போகும் என்பது உண்மை. மூன்றாம் பாகத்திலும் சிக்ஸ்தான் வருவாள் என்று பலர் காத்திருந்தார்கள். 2023 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தபோது லோ, அலோன் என்று இரண்டு புதிய பிள்ளைகள். செய்வதும் டார்சியர் இல்லை, இங்கிலாந்தின் சூப்பர்மாசிவ் கேம்ஸ். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம், ஆனால் இணையம் வழியாக மட்டும். ஒரே சோபாவில் அண்ணனும் தம்பியுமாக உட்கார்ந்து ஆட ஆசைப்பட்டவர்களுக்கு 2025 அக்டோபரில் கேம் வந்தபோது ஏமாற்றம்தான். அந்த ஏமாற்றம் ஊகத்தால் வந்ததா? இல்லை. டார்சியரை 2019இல் எம்பிரேசர் என்ற குழுமம் வாங்கியது. சிக்ஸின் உரிமையோ பதிப்பாளரான பண்டாய் நாம்கோவிடமே நின்றுவிட்டது. பெற்றவர்கள் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். ஏன் ஆள் மாறினார்கள் என்று துருவியவர்கள்தான் இதைத் தெரிந்துகொண்டார்கள். ஒரு படைப்பைச் செய்தவனுக்கே அது சொந்தமில்லாமல் போகலாம் என்பது பன்னிரண்டாம் வகுப்புப் பையன் அறிய வேண்டிய சங்கதியா இல்லையா?

என்னை அதிகம் சங்கடப்படுத்துவது 'வெளிநாட்டுப் பழக்கம்' என்ற பேச்சு. 1990களின் பிற்பகுதியில் சன் டிவியில் 'மர்மதேசம்: விடாது கருப்பு' ஓடியதை இந்த டீக்கடைக்காரர்கள் அதற்குள்ளா மறந்தார்கள்? இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம். குதிரையில் வருகிற கருப்பு சாமியா, ஆசாமியா என்று ஒரு வாரம் முழுக்க வாதாடிவிட்டு, அடுத்த வாரம் டிவி இருக்கிற வீட்டில் போய் உட்கார்ந்த தலைமுறைதான் இது. அதற்கும் முன்னால் குமுதத்தில் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' வந்தபோது, நடப்பது பேயின் வேலையா, விஞ்ஞானத் தந்திரமா என்று ஆபீஸ்களில் கட்சி பிரிந்து பேசியவர்கள் உண்டு. அந்தப் பேச்சுக்கு யாரும் வெட்டி என்று பேர் வைக்கவில்லை, வாசகர் ஆர்வம் என்றார்கள். இன்றைக்கும் 2015இல் வந்த 'டிமான்டி காலனி'க்கு 2024இல் இரண்டாம் பாகம் வந்ததும், மூன்றில் என்ன வரும் என்று இதே பெஞ்சில்தான் அலசுகிறார்கள். சினிமாவுக்கு ஒரு நியாயம், கேமுக்கு ஒரு நியாயமா?

நெல்லைச் சீமைக்காரன் பேய்க்கதையை அந்நியம் என்று சொல்லவே கூடாது. கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு, வில்லுப்பாட்டு என்றால் சுடலைமாடனும் இசக்கியும். சுடுகாட்டுக் கதையை நடுராத்திரியில் சிறுபிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்ட ஊர் இது. பயத்தைக் கூட்டமாக உட்கார்ந்து பகிர்ந்துகொள்ள நமக்கு எவனும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓசி விளம்பரம் என்ற குற்றச்சாட்டு பாதி சரி. பேச்சால் கம்பெனிக்கு லாபம்தான். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு: ரசிகர்களின் ஆவலைப் பயன்படுத்தி, வராத பாகத்தின் பெயரில் போலிச் செயலிகளை இறக்கிவிடுகிறார்கள். கண்ட லிங்க்கில் இருந்து ஏற்றினால் போன் முழுக்க விளம்பரம், சில சமயம் அதைவிட மோசம். செய்தவர் பெயரைச் சரிபார்க்காமல் எதையும் ஏற்றாதே என்று சொல்லிக்கொடுப்பதுதான் இதற்கு வழி.

பயம் பற்றிச் சொல்வதில் எனக்கும் உடன்பாடு உண்டு, ஒரு எல்லை வரை. 'லிட்டில் நைட்மேர்ஸ்' ஐரோப்பிய வயது மதிப்பீட்டில் 16. பொம்மை மாதிரி இருக்கிறதே என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் கொடுப்பது தப்பு. ஆனால் பதினேழு வயதுக்காரனின் ஆர்வத்தை அதே கம்பால் அடிக்கக் கூடாது.

இந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் அடுக்களையை வைத்து, இட்லி அவிப்பதையே ஆட்டமாக்கிய 'வெண்பா' 2023இல் வந்தது. டொரொண்டோவின் விசை கேம்ஸ் செய்த கேம் அது. மறு ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா அறிமுகப் படைப்பு விருது அதற்குக் கிடைத்தது. சுடலையையும் இசக்கியையும் வைத்து அப்படி ஒரு கேம் செய்ய வேண்டியவர்கள், அடுத்த பாகம் எப்படி இருக்க வேண்டும் என்று இப்போதே யோசிக்கிறவர்களாகத்தான் இருப்பார்கள்.

அதனால் பெரியவர்களே, அடுத்த முறை பையன்கள் கூடி நின்று பேசினால் விரட்டாதீர்கள். "அடுத்த பாகத்தில் என்னடா நடக்கும், எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். சொல்வதைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.