கர்ப்பிணிக்கு நடையும் மருந்தே

"வாளியைத் தொடாதே, வெளியே நடக்காதே, இருவருக்காகச் சாப்பிடு!" மருமகள் கருவுற்றாள் என்ற செய்தி கிடைத்ததும் நம் இல்லங்களில் எழும் குரல் இது. அன்பினால் எழுவதுதான், ஆயினும் அவ்வன்பே சில வேளைகளில் தீங்காகிவிடுகிறது.

முன்னர் நீரிழிவையே அறியாத பெண்ணுக்கும் கர்ப்ப காலத்தில் அந்நோய் தோன்றக்கூடும். காரணம் யாது? நஞ்சுக்கொடியில் சுரக்கும் சில ஓமோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. அதை ஈடுசெய்யுமளவுக்கு இன்சுலின் சுரக்காவிடின் இரத்தத்திற் சீனி மிகும். அது சிசுவையும் சென்றடைவதால், சிசு அளவுக்கு மீறிப் பருத்துப் பிரசவம் கடினமாகலாம். பிறந்த பின் குழந்தையின் இரத்தத்திற் சீனி சடுதியாகக் குறைவதும் உண்டு. தாய்க்கோ, பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் அபாயம் கூடுகிறது.

இங்கேதான் உடலுழைப்புக் கைகொடுக்கிறது. இயங்கும் தசை, இன்சுலினைப் பெரிதும் எதிர்பாராமலே சீனியை உள்வாங்கிக்கொள்ளும். ஆரம்ப மாதங்களிலிருந்தே ஒழுங்காகத் தேகாப்பியாசம் செய்யும் கர்ப்பிணிகளை இந்நோய் அணுகுவது குறைவென ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

எவ்வளவு செய்வது? வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பேனும் வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் 2020 இல் அறிவுறுத்தியது. நாளுக்கு 30 நிமிடமாக ஐந்து நாள் நடந்தாற் போதும். பழக்கமில்லாதவர்கள், உணவுக்குப் பின் பத்து நிமிடத்துடன் தொடங்கலாம். நடக்கும்போது பேச முடியவேண்டும். பாட மூச்சுப் போதாதிருக்கும். அதுவே தக்க வேகம். வெயில் தணிந்த நேரமே நன்று.

எனினும், இரத்தப்போக்கு, உயர் இரத்த அழுத்தம், குறைமாதப் பிரசவ அறிகுறி உள்ளோர் வைத்தியரின் அனுமதியின்றித் தொடங்கலாகாது. நடக்கையில் தலைச்சுற்று, நெஞ்சுநோ, நீர்க்கசிவு ஏதேனும் தோன்றின், உடனே நிறுத்தி வைத்தியசாலையை நாடுக.

நடப்பவருக்கும் இந்நோய் வரலாம். ஆதலால் 24 முதல் 28 வாரங்களுக்குள் செய்யும் சீனிப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். வந்துவிட்டால் அப்பெண்ணைக் குறைகூறவும் வேண்டாம். அது அவள் குற்றமன்று.

மாமிமாரே, மருமகளை நாற்காலியில் இருத்திவைப்பதிலும், மாலையில் அவளுடன் கூட நடப்பதே மேலான அன்பு. அந்நடை உங்களுக்கும் நன்மை தரும்!