எண்ணெய்க்குப் பயந்து கரிக்குப் போன டப்ளின்

குளிர்நாடுகளில் எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் ஒரு யோசனை தலைதூக்கும். எண்ணெய் பாய்லரைக் கழற்றிவிட்டு நிலக்கரி பாய்லர் வைத்துக்கொண்டால் என்ன? ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. ஒரு கிலோ நல்ல நிலக்கரியில் ஏறத்தாழ 8. கரி பாதி விலைக்குக் கிடைத்தால் மாதச் செலவு கணிசமாகக் குறையும் என்றுதான் எவருக்கும் தோன்றும். அயர்லாந்தின் தலைநகரான டப்ளின் இந்தக் கணக்கை நம்பி இறங்கியது. அதற்கு அந்த நகரம் கொடுத்த விலை, இன்று எரிபொருள் கொள்கை வகுப்பவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய பாடம்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய், 1974 ஜனவரிக்குள் 12 டாலரை நெருங்கியது. 1979-இல் ஈரானியப் புரட்சி வந்தது. விலை மறுபடியும் எகிறியது. அதுவரை பல வீடுகளில் கொல்லைப்புறத் தொட்டியில் எண்ணெய் இருக்கும். பாய்லரில் சூடாகும் நீர் குழாய் வழியே அறைக்கு அறை ரேடியேட்டர்களில் ஓடும். அப்படி வாழ்ந்தவர்கள் கரி எரியும் கணப்படுப்புக்குத் திரும்பினார்கள். அடுப்பின் பின்சுவரில் சின்ன பாய்லர் ஒன்றைப் பொருத்திவிட்டால் ஒரே நெருப்பில் அறையும் சூடாகும், நீரும் சூடாகும். அரசும் மானியம் கொடுத்து இந்த மாற்றத்தை ஊக்குவித்தது.

கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில், கட்டுப்படியாகும் எரிபொருளைத் தேடியவர்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை. எண்ணெய்க்குப் போகும் அந்நியச் செலாவணியை மட்டும் கணக்கிட்டு, புகை எங்கே போகும் என்று யோசிக்காத அரசுதான் பொறுப்பேற்க வேண்டும். அந்தக் கரியும் பெரும்பாலும் கப்பலில் வந்ததுதான்.

டப்ளின் வீடுகளில் எரிந்தது புகை மிகுந்த பிட்டுமினஸ் நிலக்கரி. சூடேறும்போது அதிலிருந்து ஆவியாகும் பொருள்கள் முழுமையாக எரிந்துபோக அதிக வெப்பமும் தாராளமான காற்றும் வேண்டும். வீட்டு அடுப்பில் இரண்டுமே போதாது. எரியாத தாரும் கரித்துகளும் கந்தக டையாக்சைடும் புகைபோக்கி வழியே வெளியேறும். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வானளாவ நிற்கும். வீட்டுப் புகைபோக்கியோ கூரைக்குச் சற்று மேலேதான். காற்றசையாத குளிர்கால இரவில், தரையை ஒட்டிய குளிர்காற்றின் மேல் வெப்பமான காற்று மூடிபோல் கவிந்துகொள்ளும். ஊரார் எல்லோரும் அடுப்பு மூட்டும் மாலை நேரத்துப் புகை அப்படியே தெருவில் தங்கிவிடும்.

1982 ஜனவரியில் அதுதான் நடந்தது. டப்ளினின் செயின்ட் ஜேம்ஸ் மருத்துவமனையில் அந்தக் குளிர்காலத்தில் மரணங்கள் வழக்கத்தைவிட வெகுவாகக் கூடின. நுரையீரல் மருத்துவர் லூக் கிளான்சியும் உடன் பணியாற்றியவர்களும் அதைக் காற்றின் மாசு அளவோடு ஒப்பிட்டு எழுதினார்கள். ஆனாலும் அரசு நடவடிக்கை எடுப்பதற்குள் எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

1990 செப்டம்பர் 1 முதல், மேரி ஹார்னி சுற்றுச்சூழல் துறை இணை அமைச்சராக இருந்தபோது, புகை மிகுந்த நிலக்கரியை டப்ளினில் விற்கவும் விநியோகிக்கவும் தடை வந்தது. வீடு வீடாகப் போய் யார் எதை எரிக்கிறார்கள் என்று பார்க்க எந்த அரசாலும் முடியாது. கடையிலேயே கிடைக்காமல் செய்துவிட்டால் அந்த வேலையே மிச்சம். புகையற்ற கரி விற்பனைக்குத் தடையில்லை. மிகத் தெளிவான, நேர்மையான சட்டம் அது.

தடைக்கு முந்தைய ஆறு ஆண்டுகளையும் பிந்தைய ஆறு ஆண்டுகளையும் ஒப்பிட்ட ஆய்வை, கிளான்சி குழு 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டது. காற்றில் கரும்புகை ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்திருந்தது. சுவாச நோய் மரணங்கள் 15.5 விழுக்காடும், இதய நோய் மரணங்கள் 10.3 விழுக்காடும் குறைந்ததாக அவர்கள் கணித்தார்கள். 2013-இல் நடந்த மறு ஆய்வு, இதய நோய் மரணங்களின் குறைவைத் தடையின் கணக்கில் எழுத முடியாது என்றது. அது நாடெங்கும் ஏற்கெனவே குறைந்துவந்த போக்கின் பகுதி. சுவாச நோய் மரணங்களின் குறைவு மட்டும் அந்தச் சோதனையிலும் நிலைத்து நின்றது. மிகைப்படுத்தாமல் சொன்னாலும், மூச்சுத் திணறிச் சாக இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

செலவுக் கணக்காவது சரியா? திறந்த கணப்படுப்பில் கரியின் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் புகைபோக்கியோடு போய்விடுகிறது. கிலோவுக்கு 8 என்று நம்பியவருக்குக் கிடைப்பது இரண்டோ இரண்டரையோ. நல்ல எண்ணெய் பாய்லர் பத்தில் ஒன்பதை வீட்டுக்குள்ளேயே தரும்.

இது பழங்கதை இல்லை. போலந்தின் கிராக்கோவ் நகரம் 2019 செப்டம்பர் 1 முதல் வீடுகளில் நிலக்கரியும் விறகும் எரிப்பதைத் தடை செய்தது, பெரிய சாதனை. ஆனால் 2022-இல் உக்ரைன் போருக்குப் பின் ரஷ்ய நிலக்கரியைப் போலந்து நிறுத்தியதும், கரி எரிக்கும் வீடுகளுக்கு 3,000 ஸ்லாட்டி உதவித்தொகை அறிவிக்கப்பட்டது; வீட்டுக் கரிக்கான தர விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. டயர் போன்றவை தவிர எதையும் எரிக்கலாம் என்று அப்போதைய ஆளுங்கட்சித் தலைவர் கச்சின்ஸ்கியே பேசினார். நெருக்கடி வந்த பிறகு அரசுகளின் கைக்கு எட்டுவது இவ்வளவுதான். பாய்லர் வைத்தால் பதினைந்து இருபது ஆண்டு இருக்கும். விலையேற்றம் அதற்கு முன்பே தணிந்துவிடலாம். அவசரத்தில் கொடுக்கும் மானியம் தெருவையே இருபது ஆண்டு புகையோடு கட்டிப்போடுகிறது.

அந்தப் பணம் சுவருக்கும் கூரைக்கும் போக வேண்டும். வெப்பம் கசியாதபடி கூரையடியில் காப்பு விரிப்பு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளிழுக்கும் ஹீட் பம்ப் ஆகியவற்றுக்குத்தான். அயர்லாந்து 2022-இல் ஹீட் பம்புக்கு 6,500 யூரோ வரை மானியம் அறிவித்தது. புகைக்கரித் தடையும் அதே ஆண்டு அக்டோபர் 31-இல்தான் நாடு முழுவதற்கும் வந்தது; டப்ளினுக்குப் பிறகு 32 ஆண்டுகள். இன்னும் அங்கே எண்ணெயில் சூடாகும் வீடுகளே அதிகம். ஓய்வூதியத்தில் வாழும் முதியவரால் மானியம் போக மீதிச் செலவைப் புரட்ட முடியாது. அரசின் உதவித்தொகையில் வாழ்பவர்களுக்கு இலவசமாக வீட்டைச் சீரமைத்துத் தரும் திட்டம் அங்கே இருக்கிறது. ஆனால் விண்ணப்பித்தவர்கள் நெடுங்காலம் காத்திருக்கிறார்கள். அடுத்த எண்ணெய் விலையேற்றத்துக்கு முன் அந்தக் காத்திருப்போர் பட்டியலைத்தான் முதலில் குறைக்க வேண்டும்.