மகனின் வயதும் காப்புறுதியும்

லொறிக் காப்புறுதி முடியும் திகதியை மறக்காத கண்டி, அக்குறணை வியாபாரிகள் மகனின் வயதை மறந்துவிடுகிறார்கள். குடும்ப மருத்துவக் காப்புறுதியில் பிள்ளைகளுக்கு வயதெல்லை உண்டு. பத்திரத்துக்குப் பத்திரம் அது மாறும். 2017இல் ஆரம்பமான சுரக்ஷாவும் பாடசாலை மாணவருக்கே. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் 26 வயதுவரை பெற்றோரின் காப்புறுதியில் நீடிக்க வழிசெய்தது. நமக்கோ பத்திரத்தில் உள்ளதே சட்டம்.

அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம்தானே என்பார்கள். உண்மைதான், ஆனால் அவசரத்தில் தனியாரிடம் ஓடினால் கைவைப்பது கடை முதலில்தான்.

இடையில் காப்புறுதி அறுந்தால், ஆஸ்துமா உள்ள பிள்ளையைப் புதிதாகச் சேர்க்கையில் 'ஏற்கெனவே இருந்த நோய்' என்று விலக்கக்கூடும். எனவே எல்லை வயதுக்கு முன்பே, தொடர்ச்சி அறாமல் தனிப் பத்திரம் தருவார்களா என எழுத்தில் கேளுங்கள். தகாபுலிலும் இதையே கேட்க வேண்டும். மகன் கடையில் நிற்பவரென்றால் ஊழியர் குழுக் காப்புறுதியையும் விசாரியுங்கள். அப்படியே கடைப் பையன்களையும் சேர்த்தால் என்ன?